மடவை வயிற்றில் கோலப்பொடி

அம்மன் துணை

முத்தியால்பேட்டை,
3-1-2007

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு அண்ணி அமுதவல்லி எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் அண்ணன், எங்கள் மாதர் வழிபாட்டு மன்றத்திலிருந்து ராஜாம்பாள் அம்மா, வேம்பு, வேம்புவின் மாமியார், ஆற்றங்கரை அம்மன் கோயில் திருப்பணிக் குழுவைச் சேர்ந்த ஜானகிராமன் ஐயா, பிறகு நீ. பால்காரர் வாசலோடு போய்விட்டார், அவரைச் சேர்க்கவில்லை. பெயர் பெயராக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த ஏழு பேருக்கு மேல் யாராவது நேரில் பார்த்ததாகச் சொன்னால் அது கட்டிவிட்ட கதை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்கழி மாதம். விளக்கு எரிகிறது. ராஜாம்பாள் அம்மா பாடிக்கொண்டிருக்கிறார்கள். நீ தவளக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, நேராகப் பூஜை அறை வாசற்படியில் டிபன் பாக்ஸை வைத்துத் திறக்கிறாய். உள்ளே வயிறு கிழித்த மடவை மீன், வயிற்றுக்குள் நிறம் நிறமாகப் பொடி. "இதப் பாருங்க அண்ணி, ஆத்தங்கரையில போட்டீங்களே, அந்தக் கோலம்" என்கிறாய். வேம்புவின் மாமியார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போனவர்தான், இன்னும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மார்கழியில் எங்கள் வாசலைத் தாண்டி மீன் வந்ததே கிடையாது. அது உனக்கும் தெரியும், நீ பிறந்த வீட்டு வழக்கம்தானே.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?

நீ சொன்னதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். அந்தப் பொடி உன் அண்ணன் பட்டறையில் வந்ததுதான், மறைக்கவில்லை. உடைந்த குடம், பக்கெட், நாற்காலி எல்லாம் அங்கே மெஷினில் அரைபட்டுச் சில்லுச் சில்லாக மூட்டையில் போகும். சல்லடைக்குக் கீழே விழும் தூளை வாங்க ஆள் இல்லை, குப்பையில்தான் கொட்டுவார்கள். குங்குமச் சிவப்பு, மயில் நீலம், கிளிப்பச்சை என்று அத்தனை அழகாக இருக்கும். போன வருஷம் மாசி மகத்துக்குக் கோயில் படித்துறையில் பெரிய கோலம் போட எங்கள் மன்றத்தைக் கேட்டபோது எனக்குத்தான் அந்த யோசனை தோன்றியது. வீணாகிற பொருளைச் சாமி காரியத்துக்கு எடுப்போமே என்று நினைத்தேன். நிறம் நிறமாகச் சலித்து, அழுக்குப் போக அலசி, மொட்டை மாடியில் காயவைத்து, விளக்குக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுத்தான் எடுத்துப் போனேன். கடைக் கோலப்பொடி தூறல் விழுந்தால் கரைந்து ஓடிவிடும். இது அப்படியே நின்றது. சுற்று வட்டாரமே வந்து பார்த்தது. அதனால் ஆடிப்பெருக்குக்கும் போட்டோம், கார்த்திகைக்கும் போட்டோம். மறுநாள் வழக்கம்போலப் பெருக்கி ஆற்றில் விட்டோம். அரிசிமாவுக் கோலத்தையும் அப்படித்தானே விடுகிறோம்? மீன் தின்னட்டும் என்றுதானே விடுகிறோம்?

ஆற்றில் எத்தனையோ குப்பை கிடக்கிறது. அதில் என் கோலத்தைத்தான் உன் மீன் தேடிப் பிடித்துத் தின்றதா?

உன் அண்ணன் இந்த வருஷம் பொங்கல் சீர் அனுப்பப்போவதில்லை என்கிறார். நீ வந்து விளக்குக்கு முன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டால் நான் அவரிடம் பேசிச் சரிசெய்வேன். போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுத வேண்டியதாயிற்று.

இப்படிக்கு,
அமுதவல்லி


தவளக்குப்பம்,
10-1-2007

அண்ணிக்கு அஞ்சலாட்சி எழுதுவது.

நான் எட்டாவது வரை போனவள். நீங்கள் பள்ளிக்கூடமே போகாமல் சாமிப் பாட்டுப் புத்தகத்தை வைத்துத் தானாகப் படித்தவர். இருந்தாலும் உங்கள் எழுத்துதான் முத்து முத்தாக இருக்கிறது. திட்டுவதைக்கூட எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறீர்கள்.

பூஜை அறை வாசலில் மீனை வைத்தது தப்பு. விளக்குக்கு நூறு கும்பிடு போடுகிறேன். ஆனால் அதை வேறு எங்கே வைத்திருந்தாலும் நீங்கள் குனிந்து பார்த்திருக்கமாட்டீர்கள்.

தனியாகச் சொல்லக் கூடாதா என்று கேட்கிறீர்கள். எனக்கு நடந்தது தனியாக நடக்கவில்லை. நிலம் உப்பேறிப் போனதிலிருந்து இவர் ஆற்றில் வலை விட்டுக் கொண்டுவருகிற மடவையும் இறாலும்தான் எங்கள் சோறு என்பது உங்களுக்குத் தெரியும். தவளக்குப்பம் ரோட்டு முனையில் கூடை வைக்க ஒரு இடம், அது என் மாமியார் விட்டுப்போன இடம். கார்த்திகை முடிந்து இரண்டாவது வாரம், எப்போதும் வாங்குகிற ஒரு அம்மா மீனை அங்கேயே வெட்டித் தரச் சொன்னார்கள். மடவைக்குக் கோழிக்கு இருக்கிற மாதிரி வயிற்றில் ஒரு கல்லு இருக்கும். அதை வறுத்துத் தின்பார்கள், அதனால் பிளந்து கழுவித் தருவேன். பிளந்தேன். உள்ளே சிவப்பு, நீலம், பச்சை. மணி மணியாக. அடுத்த மீனை வெட்டினேன், அதிலும் இருந்தது. அதற்கு மேல் நானாக வெட்டவில்லை, கூடிவிட்ட கூட்டம்தான் மீதியையும் வெட்டச் சொல்லிப் பார்த்தது.

பக்கத்துக் கூடை சின்னப்பாப்பா இருக்கிறாளே, அவள் சத்தமாகக் கேட்டாள், "என்னாடி, செவுளுக்குச் சாயம் பூசறேன்னு வயித்துக்கும் பூசிட்டியா?" என்று. அவ்வளவுதான். நான் பழைய மீனுக்குச் சாயம் ஏற்றி விற்கிறவள் ஆகிவிட்டேன். சின்னப்பாப்பா தன் கூடையை நகர்த்திக்கொண்டாள். அவள் மீனையும் வெட்டிப் பார்த்தால் அதேதான் இருக்கும். அவள் வெட்டித் தருவதில்லை, முழுசாகத்தான் கொடுப்பாள். எனக்கு இப்போது ஊரில் பெயர் சாயக்காரி.

அது உங்கள் பொடிதான் என்று எப்படித் தெரியும் என்றால், மாசி மகத்துக்கு மறுநாள் அந்தக் கோலத்தைத் துடைப்பத்தால் ஆற்றில் தள்ளியவள் நான். நீங்கள் சொல்லித்தான் தள்ளினேன். அந்த மயில் நீலம் எனக்கு மறக்காது. மாவு என்றால் கரையும், அடியில் போகும். இது தண்ணீர்மேல் மிதந்துகொண்டே போனது. எவ்வளவு அழகு என்று நாம் இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.

எனக்குச் சீர் வேண்டாம். இரண்டு காரியம் செய்யுங்கள். வருகிற மாசி மகத்துக்கு அந்தப் பொடியில் கோலம் போடாதீர்கள். அன்றைக்குப் படித்துறையில் எல்லார் முன்னாலும், மீன் வயிற்றில் இருந்தது சாயம் இல்லை, கோலத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் தூள், அஞ்சலாட்சி மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள். என்னிடம் மீன் வாங்குகிற பெண்கள் எல்லாம் அந்தக் கோயிலுக்கு வருகிறவர்கள். நான் சொன்னால் சாயக்காரி சொல்கிறாள் என்பார்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள். என் இடம் எனக்குத் திரும்பக் கிடைக்கும்.

அஞ்சலாட்சி


அம்மன் துணை

முத்தியால்பேட்டை,
22-1-2007

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு,

உன் அண்ணனுக்குத் தெரியாமல் கரும்பும் மஞ்சள்கொத்தும் புதுப்பானையும் வேம்புவிடம் கொடுத்து அனுப்பினேன். கட்டுப் பிரிக்காமல் திரும்பி வந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்த பிறகு நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. காணும் பொங்கல் அன்று எல்லாரும் கடற்கரைக்குப் போனபோது நான் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் படித்துறைக்குப் போனேன். தீர்த்தம் வடிகட்டும் வெள்ளைத் துணியைக் கொண்டுபோயிருந்தேன். இரண்டு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் மட்டத்தில் கொஞ்சநேரம் விரித்து வைத்தேன். எடுத்துப் பார்த்தால் நுரை, இலைத்துணுக்கு, வேறு ஒன்றும் தெரியவில்லை. மனசு லேசாகிவிட்டது. அம்மனுக்கு ஒரு சூடம் ஏற்றிவிட்டு வந்தேன்.

வீட்டில் துணியைக் காயப்போட்டேன். சாயங்காலம் மடிக்கப் போனபோதுதான் பார்த்தேன். ஈரத்தில் ஒட்டிக்கிடந்தது காய்ந்த பிறகு தெரிந்தது. சிவப்பு இருந்தது, நீலம் இருந்தது. நான் எந்தக் கோலத்திலும் போடாத நிறங்களும் இருந்தன. வெள்ளை, சாம்பல், நிறமே இல்லாமல் கண்ணாடி மாதிரி, நூல் நூலாக. என் கோலம் கார்த்திகையோடு முடிந்துவிட்டது, அப்புறம் மழை கொட்டி ஆறு இரண்டு தரம் புரண்டு ஓடிவிட்டது. பின்னே இது எங்கிருந்து வருகிறது?

மறுநாள் உன் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் பட்டறைக்குப் போனேன். முன்பக்கம் மெஷின் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். பின்பக்கம் போனது இதுதான் முதல் தடவை. அங்கே ஒரு தொட்டி. அரைத்த சில்லுகளை அதில் போட்டுக் கழுவுகிறார்கள். கழுவிய தண்ணீர் மடையைத் திறந்தால் வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்கால் எங்கே போகிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் போட்டது மூன்று கோலம். அங்கே விடிந்தால் பொழுது போனால் போகிறது.

வாய்க்கால் ஓரத்தில் அதே மாதிரி இன்னும் எத்தனையோ பட்டறை இருக்கிறதாம். கழுவாமல் யாரும் சில்லு வாங்கமாட்டார்களாம்.

இப்போது என் நிலைமையைக் கேள். இனி அந்தப் பொடியைக் கையால் தொடமாட்டேன். இது அம்மன்மேல் ஆணை. மாசி மகத்துக்கு அரிசிமாவு இடித்து வைக்கிறேன். ஆனால் எல்லார் முன்னாலும் பேசச் சொல்லாதே. கோலப்பொடி என்று ஆரம்பித்தால் அது பட்டறைத் தொட்டியில்தான் போய் நிற்கும். கட்டியவரைக் கூட்டத்தில் நிற்கவைத்து நான் எப்படிப் பேசுவேன்? அவர் உனக்குக் கூடப்பிறந்தவர். பட்டறையை மூடச் சொன்னால் என்ன செய்வது?

கோலத்தை நிறுத்திவிடுகிறேன். இதோடு சமாதானமாகப் போகலாம் என்று கேட்கிறேன்.

அமுதவல்லி


தவளக்குப்பம்,
30-1-2007

அண்ணிக்கு,

உங்கள் துணியில் வந்ததுதான் இவர் வலையிலும் வருகிறது. வலையைக் காயப்போட்டு உதறினால் வாசலில் கோலம் விழுகிறது. நாங்கள் பெருக்கி எங்கே போடுவது என்று தெரியாமல் ஒரு பழைய சட்டியில் சேர்த்து வைத்திருக்கிறோம். ஆற்றோரத்துக் கண்டல் செடி வேரில் தண்ணீர் ஏறி இறங்குகிற மட்டத்துக்கு இந்தத் தூள் ஒரு கோடாகப் படிந்திருக்கிறது, போய்ப் பாருங்கள். நானும் சாமி கும்பிடுகிறவள்தான், அதனால் கோபத்தில் எழுதினாலும் பொய் எழுதமாட்டேன். எல்லாம் உங்கள் தூள் இல்லை. நிறம் இருந்ததால் உங்களுடையது கண்ணில் பட்டது. நிறமில்லாதது எத்தனை வருஷமாக மீன் தின்கிறதோ, நாம் தின்றோமோ.

அதற்காக நான் சாயக்காரி ஆக முடியாது.

சமாதானம் என்கிறீர்கள். நீங்கள் அரிசிமாவில் கோலம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். நான் அதே ரோட்டு முனையில் உட்கார வேண்டும். போன வாரம் முழுக்கக் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். ஒரு வீட்டில் வயிற்றைச் சுத்தமாக எடுத்துக் கழுவித் தருகிறேன் அம்மா என்றேன். வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், "சாயம் போகக் கழுவுவியா?" என்று கேட்டது. சிரித்தார்கள். மீதி மீனை உப்புப் போட்டுக் காயவைத்தேன். கருவாட்டையும் யாரும் வாங்கவில்லை.

இவர் வலையைத் தைத்துக்கொண்டே இருக்கிறார். கிழியாத இடத்தையும் தைக்கிறார்.

என் அண்ணன் கூடப்பிறந்தவர் என்று எனக்கு நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டாம். சின்ன வயதில் இதே ஆற்றில் எனக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். பட்டறையை மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் பெயரை மட்டும் கழுவிக் கொடுங்கள் என்கிறேன். அதற்கு உங்கள் வாய் ஒன்றுதான் இருக்கிறது. முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள்.

அஞ்சலாட்சி


அம்மன் துணை

முத்தியால்பேட்டை,
16-2-2007

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுதுவதற்கு முன்னால் வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது.

முதலில் உன் அண்ணனிடம் தொட்டியைப் பற்றிக் கேட்டேன். தண்ணீர் வெளியே போகிற மடையில் துணி கட்டி வடிகட்டி விடலாமே என்றேன். அவர் மறுக்கவில்லை. ஆளை விட்டு மூன்று மடிப்பாகத் துணி கட்டச் செய்தார். கொஞ்சநேரத்தில் துணி அடைத்துக்கொண்டது. அவிழ்த்து உதறிக் கட்டினார்கள், மறுபடியும் அடைத்துக்கொண்டது. இரண்டாம் நாள் தண்ணீர் பொங்கிப் பின்பக்கம் முழுக்க நின்று, கழுவிய மூட்டை நனைந்து, இடத்துக்காரர் வந்து சத்தம் போட்டார். குழி வெட்டித் தேக்கவும் இடமில்லை. துணியை அவிழ்த்துவிட்டார்கள். நான் வடிகட்டி வந்ததை ஒரு சாக்கில் போட்டு வைக்கச் சொன்னேன். சாக்கு நிறைந்ததும் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டார்கள்.

பிறகு நேற்று அவர் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது உன் விஷயத்தைச் சொன்னேன். மாசி மகத்தில் படித்துறையில் நின்று எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன்.

"சொல்லு" என்றார்.

"தொட்டியையும் சேர்த்துத்தான் சொல்வேன்."

"அதையும் சொல்லு."

"கோவமா?"

"கோவம் இன்னாத்துக்கு, அமுதா? திட்டுவாங்க, பட்டறைய மூடச் சொல்லுவாங்கன்னு நீ பயப்படற. நானும் அந்தப் பயத்துலதான் தொட்டியப் பின்பக்கம் கட்டனேன். இத்தினி வருசத்துல ஒருத்தன் வந்து எட்டிப் பாக்கல. நீ சொல்லிப் பாரு."

அவர் அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது, அஞ்சலாட்சி. ஏன் என்று தெரியவில்லை.

என்றாலும் முடிவு செய்துவிட்டேன். மார்ச் மூன்றாம் தேதி சனிக்கிழமை மாசி மகம். அபிஷேகம் முடிந்து, சாமி ஆற்றில் இறங்குவதற்கு முன்னால், எல்லாரும் படியில் உட்கார்ந்திருக்கும் நேரம். அப்போது சொல்வேன். நீயும் வா.

அமுதவல்லி


தவளக்குப்பம்,
23-2-2007

அண்ணி,

நான் வரவில்லை. நான் பக்கத்தில் நின்றால் நாத்தனாருக்காகப் பேசுகிறார் என்பார்கள். நீங்கள் தனியாகவே சொல்லுங்கள். பொங்கல் பானையைத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது, அதற்கு மன்னிக்கவும். அன்றைக்கு நாள் முழுக்க வீட்டில் விளக்கை அணையவிடாமல் வைத்திருப்பேன்.

அஞ்சலாட்சி


அம்மன் துணை

முத்தியால்பேட்டை,
6-3-2007

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு,

சொல்லிவிட்டேன். உனக்கு யாராவது முன்பே வந்து சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் நான் எழுதுவதை வைத்துக்கொள், கூட்டிக் குறைத்து எழுதமாட்டேன்.

விடியற்காலையில் அரிசிமாவு எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்பே படித்துறையில் கோலம் போட ஆரம்பித்திருந்தார்கள். நான் இந்தத் தடவை பொடி கொண்டுவரமாட்டேன் என்று தெரிந்ததும் ஜானகிராமன் ஐயா வாய்க்கால் ஓரத்து வேறொரு பட்டறையில் சொல்லிவைத்து அதே தூளைச் சாக்குச் சாக்காக இறக்கியிருந்தார். போன வருஷத்தைவிடப் பெரிய கோலம். தேர், யானை, தாமரை எல்லாம் வந்திருந்தது. வேம்பு என்னைப் பார்த்து, "வாங்க வாங்க, யானைக்குத் தந்தம் போட வெள்ளை பத்தல" என்று சொல்லி என் கையிலிருந்த மாவை வாங்கிக்கொண்டாள். நான் கொடுத்துவிட்டேன். அங்கேயே எனக்கு முக்கால்வாசித் தெம்பு போய்விட்டது.

ஆனாலும் சொன்ன நேரத்தில் எழுந்து நின்றேன். மன்றத்தில் பாட்டு வாசிக்கிற குரலில்தான் பேசினேன், அப்போதுதான் தடுமாறாது. மீன் வயிற்றில் இருந்தது சாயம் இல்லை, நான் கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் தூள், அஞ்சலாட்சிமேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். தூள் கரையாது, மேலே மிதக்கும், மீன் இரை என்று தின்கிறது என்றேன். பட்டறைத் தொட்டியைப் பற்றியும் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் பட்டறை என்று பெயர் சொல்லியே சொன்னேன். இந்தக் கோலத்தை ஆற்றில் தள்ளாமல் வாரிச் சாக்கில் கட்டுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

எல்லாரும் பொறுமையாகத்தான் கேட்டார்கள். ஒருவரும் திட்டவில்லை. ராஜாம்பாள் அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்து, "சாமிக்குன்னு போட்டது எப்பிடிம்மா கெடுதல் பண்ணும்? மனச ஒழப்பிக்காத" என்றார்கள். ஜானகிராமன் ஐயா, உன் அண்ணனைச் சொல்லி, செல்வகுமார் மாதிரி ஆட்கள் நன்கொடை கொடுப்பதால்தான் கோயிலில் மேளம் கேட்கிறது, அவரைப் போய்க் குறை சொல்லலாமா என்று எனக்கே சமாதானம் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார்கள். உன்னிடம் மீன் வாங்குகிறவர்களாம்.

"அப்போ அஞ்சலாட்சி பூசலையா?" என்று கேட்டார்கள்.

"இல்லைங்க. அவ மேல தப்பே இல்ல."

"அப்போ சின்னப்பாப்பா மீனுலயும் இருக்குமா?"

இருக்கும் என்றேன். இந்த ஆற்று மீன் எதிலும் இருக்கும் என்றேன். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னேன், அஞ்சலாட்சி. அவர்கள் முகம் மாறியது. பக்கத்தில் இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் எனக்கு அது நல்லதாகவே பட்டது. ஒருவராவது பயந்தார்களே என்று நினைத்தேன்.

பிறகு மேளம் தொடங்கிவிட்டது. சாமி இறங்கிற்று. மறுநாள் காலை நான் சாக்கும் முறமும் எடுத்துக்கொண்டு போவதற்குள் படித்துறையைப் பெருக்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள்.

உன் பெயர் இப்போது சுத்தமாகியிருக்க வேண்டும். கூடையோடு போய் உன் இடத்தில் உட்கார். என்ன ஆயிற்று என்று எழுது.

அமுதவல்லி


தவளக்குப்பம்,
21-3-2007

அண்ணிக்கு,

நீங்கள் சொன்ன வார்த்தை தவளக்குப்பத்துக்கு உங்கள் கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டது. என்னைச் சாயக்காரி என்று இப்போது யாரும் சொல்வதில்லை. அந்த அம்மாவே வந்து, தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் மீன் வாங்கவில்லை.

யாரும் வாங்கவில்லை. என்னிடம் மட்டும் இல்லை. ரோட்டு முனையில் ஆற்று மீன் விற்கிற அத்தனை பேர் கூடையும் அப்படியே திரும்பிப் போகிறது. அமுதவல்லி அம்மாவே சொல்லிவிட்டார்கள், அவர்கள் பொய் சொல்வார்களா என்கிறார்கள். கடல் மீன் வண்டியில் வருகிறது, அதைத் தேடிப்போய் வாங்குகிறார்கள். கடலில் மட்டும் என்ன இருக்கிறதாம்? இந்த ஆறு அங்கேதானே போய்ச் சேருகிறது? நான் கேட்டேன். அதையும் சொல்லி அந்தப் பொழப்பையும் கெடுக்கப் பார்க்கிறாயா என்று ஒருவர் அடிக்க வந்தார்.

சின்னப்பாப்பா என் வாசலுக்கே வந்துவிட்டாள். "ஒம் பேரக் காப்பாத்திக்க எங்க எல்லார் சோத்துலயும் மண்ண அள்ளிப் போட்டுட்டியே" என்றாள். அவளுக்கும் மூன்று பிள்ளைகள்.

என் இடம் எனக்குக் கிடைத்துவிட்டது, அண்ணி. சின்னப்பாப்பா இப்போது வருவதில்லை, அதனால் அவள் இடமும் சேர்ந்து காலியாகத்தான் கிடக்கிறது. இரண்டு நாள் போய் உட்கார்ந்தேன். பிறகு போகவில்லை.

உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் கேட்டேன், நீங்கள் செய்தீர்கள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

இவர் நாலைந்து நாளாகக் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறார். எங்கே என்று கேட்டால் சொல்வதில்லை. வலையைச் சுருட்டிப் பரணில் ஏற்றிவிட்டார்.

அஞ்சலாட்சி


அம்மன் துணை

முத்தியால்பேட்டை,
27-3-2007

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. நல்லது நடக்கும் என்று நம்பித்தான் அன்று எழுந்து நின்றேன். இப்போது எழுதுவது வேறு விஷயம், உனக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது என்பதற்காக.

உன் வீட்டுக்காரர் கண்ணையன் அண்ணன் காலையில் எங்கே போகிறார் என்று சொல்வதில்லை என எழுதியிருந்தாய். அவர் பல இடத்தில் வேலை கேட்டுவிட்டு நம் பட்டறைக்கு வந்திருக்கிறார். முதல் இரண்டு நாள் வாய்க்கால் பக்கத்து மரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் உன் அண்ணன் பார்த்து உள்ளே கூப்பிட்டிருக்கிறார். வேலை இருக்குமா என்று கேட்டாராம். வேறு எங்கும் இந்த வயதில் எடுக்கமாட்டேன் என்கிறார்களாம். நீச்சலும் தண்ணீரும் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது மச்சான் என்றாராம்.

பட்டறையில் இப்போது காலியாக இருக்கிறது ஒரே ஒரு வேலைதான். கழுவுகிற தொட்டி. சில்லைக் கொட்டி, இடுப்பளவு தண்ணீரில் நின்று கலக்கி, அள்ளி, பிறகு மடையைத் திறந்துவிட வேண்டும். அதில் இருந்த ஆள் கைகால் அரிப்பு தாங்காமல் ஊருக்குப் போய்விட்டான்.

உன் அண்ணன் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு மட்டும் ஆசையா? அஞ்சலாட்சி வீட்டுக்காரன அந்தத் தொட்டியில எறக்க எனக்கு மனசு வருமா? வேணாம்னா அவன் வேற எங்க போவான், நீயே சொல்லு" என்றார். ஏப்ரல் இரண்டு திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நீ வேண்டாம் என்று சொன்னால் நிறுத்திவிடுவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று கண்ணையன் அண்ணன் கேட்டுக்கொண்டாராம். நான் சொல்லிவிட்டேன். அவர் வலை விட்ட ஆற்றுக்கு அவர் கையாலேயே அந்த மடையைத் திறக்கப்போகிறார், அது உனக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது. திறக்காவிட்டால் உங்கள் அடுப்பு எரியாது, அதுவும் எனக்குத் தெரிகிறது. இரண்டு நாளாக விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். வரட்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் தெரிகிறது, ஒன்றும் மனதில் ஏறவில்லை.

இதில் நான் முடிவு சொல்ல எனக்கு உரிமை கிடையாது. போன தடவை நான் பேசி நடந்ததே போதும். திங்கட்கிழமை அவரை வரச் சொல்வதா, வேண்டாம் என்று சொல்வதா? நீ எதைச் சொன்னாலும் அப்படியே உன் அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்த உடனே, ஒரு வரியானாலும் சரி, சீக்கிரம் பதில் எழுது.

அமுதவல்லி